நாலாவது போர்டிங் பாஸ்

அவுஸ்திரேலியா போவதில் ஒரு சந்தேகம் வந்தால், நியூசிலாந்தில் சான்ட்ரிங்ஹாம் பக்கத்துத் தமிழர்கள் அரசாங்க இணையத்தளத்தைத் திறப்பதில்லை. பெனடிக்ற்றுக்கு வட்சப்பில் ஒரு செய்தி போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்திலும் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நியூசிலாந்துப் பாஸ்போர்ட் இருந்தால் கவலையில்லை, போய் இறங்கும்போதே அனுமதி கிடைக்கும். ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, 'எனக்குத்தான் இங்கே நிரந்தர விசா இருக்கிறதே' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். கறித்தூளோ ஊறுகாயோ எது கொண்டுபோனாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னவனை யாரும் கடித்துத் தின்பதில்லை, மறைத்துப் பிடிபட்டவனுக்குத்தான் தண்டம். இப்படியெல்லாம் அவர் ஒரு சதம் வாங்காமல் புத்தி சொன்னார், கேட்டவர்களுக்குப் படிவமும் நிரப்பிக் கொடுத்தார். பெனடிக்ற் கை வைத்த விசா மறுக்கப்பட்டதே இல்லை என்று கோயிலில் ஒரு பேச்சு இருந்தது.

ஒன்றே ஒன்று மறுக்கப்பட்டது. அது அவருடைய மனைவி அன்ரனீற்றாவின் விசா.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று நீங்கள் சிரிக்கலாம். அன்ரனீற்றா சிரிக்கவில்லை. மனிசனுக்கு இப்படி ஒரு தலைகுனிவு வந்துவிட்டதே என்று அவருக்காகத்தான் முதலில் கவலைப்பட்டாள். அப்படிப்பட்ட பிறவி அவள்.

அந்த வீட்டில் நாலு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. பெனடிக்ற்றுடையதும், பதின்நாலு வயது மகள் ஷாமிலாவுடையதும், ஒன்பது வயது மகன் கிரிஷானுடையதும் நியூசிலாந்துப் பாஸ்போர்ட்டுகள். அன்ரனீற்றாவிடம் மட்டும் இலங்கைப் பாஸ்போர்ட். இந்த நாட்டுக் குடியுரிமை கேட்பதென்றால் ஐந்து வருடம் தொடர்ந்து, வருடத்தில் இருநூற்று நாற்பது நாளாவது இங்கே இருந்திருக்க வேண்டும். இவளுடைய கணக்கு முடிகிற நேரத்தில் இலங்கையில், பேசாலையில் தாய் படுக்கையில் விழுந்தாள். ஹென்டர்சனில் தான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அன்ரனீற்றா ஊருக்குப் போனாள். எட்டு மாதம் நின்று, தாயை அடக்கம் செய்துவிட்டுத்தான் திரும்பினாள். வந்தபோது ஐந்து வருடத்தையும் ஒன்றிலிருந்து எண்ணவேண்டியிருந்தது. அதற்காக அவள் ஒருநாளும் வருந்தவில்லை.

அவள் வருந்தியது தம்பி அன்றூவை நினைத்து. அவன் சிட்னியில் இருந்தான். பதின்மூன்று வருடங்களுக்கு முன்னர் கப்பலில் அகதியாகப் போனவன். இன்னும் தற்காலிக விசாதான். நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். கோழி இறைச்சி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை, கலியாணம் இல்லை, ஒரு அறையில் தனியாகக் குடியிருப்பு. தாயின் செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அன்ரனீற்றா. பெட்டியை மூடப்போகும் நேரத்தில் தொடர்பு அறுந்துபோனது. திரும்ப எடுத்தபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். "அம்மாவின்ர முகத்தைக் காட்டு அக்கா, முகத்தைக் காட்டு" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தது இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

அவன் இங்கே வரமுடியாது. ஆகவே அவள்தான் அங்கே போகவேண்டும். அவனைக் கட்டிப்பிடித்து ஒருமுறை அழவேண்டும், தாயின் கடைசி நாட்களை முன்னால் இருந்து சொல்லவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. பெனடிக்ற்றின் அண்ணன் சிட்னியில் பெரிய எஞ்சினியர். செப்டெம்பரில் அவருடைய கலியாண வெள்ளிவிழா; பூசை, அதற்குப் பிறகு மண்டபத்தில் விருந்து. பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வந்தது. மலிவு விற்பனை ஒன்றில் நாலு பேருக்கும் ரிக்கெற் எடுத்தார்கள். எடுத்த ரிக்கெற்றுக்குக் காசு திரும்பி வராது என்ற நிபந்தனையோடு. அதன் பிறகு பெனடிக்ற் அன்ரனீற்றாவின் விசாவுக்கு விண்ணப்பித்தார்.

அந்த வீட்டில் ஈமெயில் என்றால் அது ஒன்றுதான், பெனடிக்ற்றுடையது. வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விசா எல்லாம் அந்த ஒரு முகவரிக்குத்தான் வரும். இவள் வீட்டில் மட்டுமல்ல, கோயிலில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். மனிசன் படிவத்தை நிரப்புவார், மனிசி கையெழுத்து வைப்பாள், பதில் மனிசனுக்கு வரும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. சோறு யார் சமைக்கிறது என்று எவராவது உட்கார்ந்து யோசிக்கிறார்களா?

ஜூன் மாதத்தில் ஒரு பின்னேரம் அன்ரனீற்றா மீன் கழுவிக்கொண்டு நின்றாள். பெனடிக்ற் கணினியை விட்டு எழும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"நீற்றா, உன்ர விசா சரிவரேல்லை."

"ஏனாம்?"

"தம்பியாலதான். கப்பல்ல வந்த சொந்தக்காரன் அங்க இருக்கேக்க, நீயும் போய் அங்கயே நிண்டிடுவாய் எண்டு நினைக்கிறாங்கள்போல."

"திருப்பிப் போட்டுப் பாப்பமோ?"

"வேண்டாம். மறுப்புக்கு மேல மறுப்பு விழுந்தா நாளைக்கு உன்ர சிற்றிசனுக்கும் அது இடிக்கும். கோயில்ல ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. என்ர மானம் போகும்."

அவள் மீன் கையோடு அழுதாள். பிறகு கையைக் கழுவிவிட்டு அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நீங்கள் என்ன செய்வீர்கள், உங்களால் ஏலுமானதைச் செய்தீர்கள்தானே என்று அவரைத் தேற்றினாள். அவர் அந்தத் தேநீரைக் குடித்தார். முழுக் கோப்பையையும் குடித்தார்.

அன்றிரவே தம்பிக்கு எடுத்துச் சொன்னாள். அவன் பதறினான். மறுப்புக் கடிதத்தை அனுப்பு, எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், காட்டிப் பார்ப்போம் என்றான். பெனடிக்ற்றிடம் கடிதத்தைக் கேட்டாள். "நான் அவனோட நேர கதைக்கிறன்" என்றார் அவர். கதைத்தும் இருந்தார். அதற்குப் பிறகு அன்றூ கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போன் எடுத்தாலும் ஓம், இல்லை, வேலை என்று மூன்று சொல்லோடு வைத்துவிட்டான். பாவம், மனம் உடைந்துபோனான் என்று அவள் நினைத்தாள்.

செப்டெம்பரில் புறப்படுகிற நாள் வந்தது. மனிசனும் பிள்ளைகளும் போகிறார்கள், அவள் வழியனுப்புகிறாள் என்பதுதான் ஏற்பாடு. அவளுடைய ரிக்கெற்றை இரத்துச் செய்யப் பெனடிக்ற் மினக்கெடவில்லை. திரும்பி வராத காசுக்கு எதற்குப் போன் எடுத்து மூன்று மணித்தியாலம் பாட்டுக் கேட்பது என்றார். தம்பிக்கு என்று அவள் வறுத்து இடித்த தூளில் ஒரு பை கட்டி வைத்திருந்தாள். அதை அவர் பெட்டியில் வைக்க விடவில்லை. அவுஸ்திரேலியாவுக்குள் தூள் கொண்டுபோகவே கூடாதாம், எயார்போர்ட்டில் பிடித்து வைப்பார்களாம். மறைக்காமல் சொன்னால் கொண்டுபோகலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் வீட்டில் மட்டும் வேறு சட்டம் பேசினார். அன்ரனீற்றாவுக்கு அது அப்போது உறைக்கவில்லை. கட்டிய பையை அவிழ்த்துத் தூளைத் திரும்பவும் போத்தலில் கொட்டினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி விமானம். பதினொன்றரைக்கு அவளுக்கு ஹென்டர்சனில் வேலை. அதனால் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். பெனடிக்ற் அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, "நீங்கள் லைன்ல நில்லுங்கோ, நான் காரைப் பார்க் பண்ணிப்போட்டு வாறன்" என்று போனார். நாலு பாஸ்போர்ட்டும் போடுகிற பிளாஸ்டிக் பை எப்போதும்போல அன்ரனீற்றாவின் கைப்பையில் இருந்தது. வரிசை நினைத்ததைவிட வேகமாக நகர்ந்தது. மனிசன் வருவதற்குள் அவர்களுடைய முறை வந்துவிட்டது.

கவுண்டரில் இருந்தது ஒரு இளம்பெண். சட்டையில் தாரிணி என்று பெயர் குத்தியிருந்தாள். ஷாமிலா பிளாஸ்டிக் பையை வாங்கி அப்படியே அவளிடம் நீட்டினாள். தாரிணி நாலையும் எடுத்து, ஒவ்வொன்றாக இயந்திரத்தில் தேய்த்தாள். பெயர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்க தமிழா? சிலோனா?"

"ஓம்."

"நாலு பேர், சிட்னி. ரெண்டு பெட்டிதானா? இன்னும் ஒண்ணு போடலாமே, உங்க டிக்கெட்ல இடம் இருக்கு."

"இல்லையம்மா, நான் போகேல்லை. இவை மூண்டு பேரும்தான். எனக்கு விசா இல்லை."

தாரிணி திரையைப் பார்த்தாள். திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். "அன்ரனீற்றாங்கறது நீங்கதானே? உங்களுக்கு ஓகே காட்டுதுங்களே."

"அது பிழையா இருக்கும். ஜூன்ல மறுத்துப் போட்டாங்கள்."

"மறுத்திருந்தா சிஸ்டம் என்னை போர்டிங் பாஸ் அடிக்கவே விடாதுங்க. இப்ப ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டறதில்ல, பாஸ்போர்ட் நம்பரோட அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். நாங்க ஸ்கேன் பண்ணினா அங்கேருந்து பதில் வரும். உங்களுக்கு வந்திருக்கு." அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் ஒவ்வொன்றாக நாலு அட்டையைத் துப்பியது. நாலாவதை எடுத்து அவள் பெயர் தெரிகிறமாதிரி மேசையில் வைத்தாள். "பாருங்க. யாராவது தப்பாச் சொல்லிட்டாங்களோ என்னவோ."

அன்ரனீற்றா அட்டையைக் கையில் எடுத்தாள். அவளுடைய பெயர் முழுசாக, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தோசம். 'மாதாவே, மனிசன் எங்கேயோ பிழையாக வாசித்துவிட்டார், பாவம், அவருக்கு இதைச் சொன்னால் எவ்வளவு சந்தோசப்படுவார்' என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், சத்தியமாக. பதினாறு வருடம் ஒருவரை நம்பிப் பழகினால் புத்தி அந்தப் பக்கம்தான் முதலில் ஓடும்.

அந்த நேரம் பெனடிக்ற் கார்த் திறப்பைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"இஞ்சேருங்கோ, எனக்கு விசா இருக்காம்!" என்று அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

பெனடிக்ற் அட்டையைப் பார்க்கவில்லை. தாரிணியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி ஒரு முகம். கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. அந்த முகத்தைக் கண்ட பிறகு அன்ரனீற்றாவுக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

"இஞ்சால வா, சொல்லுறன்" என்றார். "ஆக்கள் பாக்கினம்."

பெட்டிகள் நகரும் பட்டியில் ஏறிப் போயின. பிள்ளைகளை ஒரு இருக்கையில் இருத்திவிட்டு, இருவரும் தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த மூலையில் போய் நின்றார்கள்.

"விசா வந்ததோ?" என்று அவள் கேட்டாள்.

"நீற்றா, நான் சொல்லுறதைக் கேள்."

"விசா வந்ததோ, வரேல்லையோ?"

"வந்தது."

"எப்ப?"

"ஜூன்லதான்."

"நான் மீன் கழுவிக்கொண்டு நிண்ட அண்டைக்கோ?"

அவர் ஓம் என்று தலையசைத்தார். மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் இரவில் பக்கத்தில் படுத்திருந்தார். அவள் செபமாலை சொல்லி அழுதபோது, 'கடவுள் ஒரு வழி காட்டுவார்' என்று முதுகைத் தடவினார். அந்தக் கை நினைவுக்கு வர, முதுகு கூசியது.

"ஏன்?" என்றாள். "எனக்கு அதை மட்டும் சொல்லுங்கோ. ஏன்?"

பெனடிக்ற் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாவின்ர வெள்ளிவிழா. சிட்னியில இருக்கிற டொக்டர்மார், எக்கவுண்டன்மார் எல்லாரும் வருவினம். நீ வந்தா அவன் வருவான். நீ வரச் சொல்லாட்டியும் வருவான். கோழி வெட்டுறவன் ஒருத்தன் வந்து குடும்ப மேசையில இருப்பான். அண்ணிக்கு முதலே இதில விருப்பமில்லை. ஆர் இவர் எண்டு ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது? கப்பல்ல வந்தவர் எண்டோ?"

"என்ர தம்பி எண்டு சொல்லியிருக்கலாம்."

"உனக்கு இது விளங்காது."

"விளங்குது. நல்லா விளங்குது. நம்பவைச்சுக் கழுத்தறுத்திருக்கிறீங்கள். இதை வேற ஆராவது எனக்குச் செய்திருந்தா, நான் உங்களிட்டைத்தான் வந்து அழுதிருப்பன். இப்ப நான் ஆரிட்டைப் போய் அழுறது?"

பெனடிக்ற்றின் வாயில் இன்னும் ஒரு சட்டம் மிச்சம் இருந்தது. சட்டம் பேசியே பழகிய மனிசன்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப அவசரப்பட்டு வெளிக்கிடாத. சிற்றிசன் இல்லாத நீ இப்பிடித் திடீரெண்டு நாட்டை விட்டுப் போனா, இஞ்சத்தை விசா போனாலும் போயிடும். திரும்பி உள்ள வரேலாமப் போகும்."

அன்ரனீற்றா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எட்டு மாசம் பேசாலையில நிண்டிட்டு வந்தனான். அண்டைக்குப் போகாத விசா, அஞ்சு நாளில போயிடுமோ?"

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரு விதியை அவள் திருப்பிக் கேட்டது அன்றைக்குத்தான். இன்னும் எத்தனை விதிகள் இப்படிப் பொய்யோ என்ற எண்ணம் அப்போது வந்து, பிறகு போகவே இல்லை.

ஷாமிலா எழும்பி வந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அப்பா பொய் சொன்னாரா என்று தாயிடம் கேட்டாள். அன்ரனீற்றா பிள்ளைக்கு முன்னால் அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள். ஷாமிலா தகப்பனின் முகத்தைப் பார்த்துத் தானே விடையை எடுத்துக்கொண்டாள். "அம்மா, வா" என்றாள். தமிழிலேயே சொன்னாள்.

மாற்றுடுப்பு இல்லை. காலில் வேலைக்குப் போடுகிற வெள்ளைச் சப்பாத்து. அன்ரனீற்றா முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து, குடும்பத்தில் ஒரு அவசரம், ஒரு வாரத்துக்கு வரமாட்டேன் என்றாள். பொறுப்பாளருக்குக் கோபம்தான், ஆனால் அவள் கடைசி நேரத்தில் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. பெனடிக்ற் கார்த் திறப்பை வைத்துக்கொண்டு, கார் என்னாவது என்று கேட்டார். அது மணித்தியாலக் கணக்கில் காசு பிடுங்குகிற தரிப்பிடம். "நிக்கட்டும்" என்றாள் அவள்.

பாதுகாப்புச் சோதனையெல்லாம் தாண்டி, விமானத்தில் ஏறுகிற வாசலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு இருந்தாள். பெனடிக்ற் நாலு இருக்கை தள்ளிப் போய் இருந்தார். அவள் தம்பிக்குப் போன் எடுத்தாள். சிட்னியில் அப்போது காலை ஏழரை.

"என்னக்கா?" என்றான் அன்றூ. அந்த வறண்ட குரல்தான்.

"தம்பி, நான் வாறன்ரா. எயார்போட்டில நிக்கிறன். பன்னிரண்டுக்குள்ள வந்திடுவன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"அன்றூ?"

"ஏன் இப்ப மட்டும் வாறீங்கள்?" என்று கேட்டான்.

"என்னடா கேள்வி இது? விசா இருக்கெண்டு இப்பதான்ரா எனக்குத் தெரியும்."

"அக்கா, எனக்கு எல்லாம் தெரியும். விசா ஜூன்லயே வந்தது எண்டு அத்தான் சொன்னவர்."

அன்ரனீற்றா எழும்பி நின்றுவிட்டாள். "உனக்குச் சொன்னவரோ?"

"லோயருக்குக் காட்ட நான் கடிதம் கேட்டன்தானே, அப்ப எடுத்துச் சொன்னவர். விசா வந்திட்டுதாம், நீங்கள்தான் வரமாட்டன் எண்டிட்டீங்களாம். அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வராதவனின்ர முகத்தில முழிக்கமாட்டன் எண்டு சொன்னீங்களாம். ஆனா என்னை நோகடிக்கக் கூடாதெண்டு, விசா மறுத்துப்போச்செண்டு எனக்குச் சொல்லுவீங்களாம். கேட்டுக்கொண்டிரு, காட்டிக்கொடுக்காத எண்டவர். நான் ஒண்டும் கேக்கேல்லை, அக்கா. நீங்கள் போனில அழேக்கையெல்லாம், ஏன் அக்கா இப்பிடி நடிக்கிறா எண்டு..."

அவனால் முடிக்க முடியவில்லை. அவளாலும் கேட்க முடியவில்லை. வேலி பயிரை மேய்ந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். மேய்ந்ததோடு நில்லாமல் வேரையும் கிண்டி எறிந்திருக்கிறது. தாயைக் கழுவித் துடைத்த எட்டு மாதத்தில் ஒருநாள்கூட, தம்பி வரவில்லையே என்று அவள் குறை சொன்னதில்லை. அவன் வரமுடியாது என்று தாய்க்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னவளே அவள்தான். அந்த வாயில் மனிசன் இந்தச் சொல்லை வைத்து, தம்பியின் காதில் ஊற்றியிருக்கிறார். விசாவை ஒளித்ததைக்கூட ஒருநாள் மன்னிக்கலாம் போலிருந்தது. இதை எப்படி மன்னிப்பது?

நாலு இருக்கை தள்ளி இருந்தவரைப் பார்த்தாள். அவர் போனில் எதையோ வாசிக்கிறமாதிரி இருந்தார். அவளுக்குச் சத்தம்போட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. தம்பி காத்துக்கொண்டிருந்தான்.

"அன்றூ, கேள். நான் அப்பிடி ஒருநாளும் சொல்லேல்லை. அம்மா மேல ஆணை. எனக்கு இஞ்ச ஒண்டுமே தெரியாது, என்ர பேரால ஆரோ கதைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கினம். நீ எயார்போட்டுக்கு வா."

"அங்க அத்தானின்ர அண்ணா ஆக்கள் நிப்பினம், அக்கா. நான் வந்தா..."

"நிக்கட்டும். நீ அவைக்கு முன்னுக்கு வந்து நில்."

அவன் ஓம் என்றான். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. அழைப்பு வரும்வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

விமானத்தில் மூன்று இருக்கை ஒரு வரிசையில், ஒன்று நடைபாதைக்கு அந்தப் பக்கம். கிரிஷான் ஜன்னல் பக்கம் ஓடினான். ஷாமிலா தாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். பெனடிக்ற்றுக்கு நடைபாதைக்கு அந்தப் பக்கம்தான் மிஞ்சியது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போன பிறகு பணிப்பெண் வருகை அட்டைகளைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற ஒவ்வொருவரும் நிரப்பவேண்டிய அட்டை. பெனடிக்ற் வழக்கம்போல நாலையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேனையை எடுத்தார். அன்ரனீற்றா நடைபாதைக்கு மேலால் கையை நீட்டினாள். அவர் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் ஷாமிலாவிடம் பேனை வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பெயர். பாஸ்போர்ட் இலக்கம். அவுஸ்திரேலியாவில் தங்கும் முகவரி என்ற இடம் வந்ததும் போனைத் திறந்து, தம்பியின் அறை முகவரியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

பெனடிக்ற் எட்டிப் பார்த்தார். "நீற்றா, ஒரு குடும்பத்தில ரெண்டு அட்ரஸ் போட்டா இமிகிரேசன்ல மறிச்சு வைச்சு விசாரிப்பாங்கள். அண்ணாவின்ர அட்ரஸைப் போடு."

உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அவளால் இனிப் பிரித்தறிய முடியாது. தலைக்கு மேல் இருந்த மணியை அழுத்தினாள். பணிப்பெண் வந்தாள். தன்னிடம் இருந்த ஆங்கிலத்தில் அன்ரனீற்றா கேட்டாள், கணவர் ஒரு இடத்திலும் நான் ஒரு இடத்திலும் தங்குகிறோம், இப்படி எழுதலாமா என்று. நீங்கள் உண்மையில் எங்கே தங்குகிறீர்களோ அதை எழுதுங்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் பணிப்பெண் போனாள்.

அன்ரனீற்றா மிச்ச இடங்களையும் நிரப்பினாள். அவள் அட்டையின் அடியில் கையெழுத்து வைத்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைக்கப்போனாள்.

"பின்பக்கமும் இருக்கு" என்றார் பெனடிக்ற் மெதுவாக. இந்தத் தடவை அவர் குரலில் சட்டம் எதுவும் இல்லை. "திருப்பி அதையும் நிரப்பவேணும்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அன்ரனீற்றா திருப்பவில்லை. மணியை அழுத்தினாள். பணிப்பெண் திரும்ப வந்து, அட்டையைத் திருப்பிக் காட்டி, ஓம், இந்தப் பக்கமும் நிரப்பவேண்டும், உங்கள் கணவர் சொன்னது சரி என்றாள்.

"நான் உண்மைதானே சொன்னன்" என்றார் பெனடிக்ற். பரீட்சையில் ஒரு கேள்வியாவது சரிவந்த பிள்ளையின் முகம் அவருக்கு.

"ஓம், உண்மைதான்" என்றாள் அன்ரனீற்றா. "எண்டாலும் இனி உங்களிட்டைக் கேக்கிற ஒவ்வொண்டையும் நான் இன்னொருத்தரிட்டையும் கேக்கவேணும்."

அவசரத்துக்கு அழைக்கவேண்டிய உறவினர் என்று பின்பக்கத்தில் ஒரு இடம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதில் அன்றூவின் பெயரை எழுதினாள்.